பச்சை நூல்

போர்ச்சுகலில், ஸ்பெயின் எல்லையோரம் இருக்கிற அல்மெய்டாவில் வாய் நிற்காதவர்களை 'ஓட்டைப் பீப்பாய்' என்பார்கள். நூற்றைம்பது வருஷத்துப் பழைய வசவு அது. பிரெஞ்சுக்காரன் ஊரை வளைத்துக்கொண்டு நின்றபோது வெடிமருந்து மொத்தமும் நடுவூரில் உள்கோட்டையில் இருந்தது. அங்கிருந்து மதிலுக்கு உருட்டிப் போன பீப்பாய்களில் ஒன்று வழியெல்லாம் ஒழுகிக்கொண்டே போனதாம். வெளியிலிருந்து வந்து விழுந்த ஒரு குண்டின் பொறி அந்தக் கறுப்புத் தடத்தைப் பிடித்துக்கொண்டு ஓடி உள்கோட்டை வாசலுக்குள் நுழைந்தது. உள்கோட்டை, பெரிய கோயில், பாதி ஊர், அதில் இருந்த ஜனங்கள் எல்லாம் ஒரே நொடியில் வானத்துக்குப் போய்விட்டன. பன்னிரண்டு முனை நட்சத்திரம் மாதிரி கட்டிய மதில் மட்டும் அப்படியே நின்றது. காப்பாற்ற உள்ளே ஒன்றும் இல்லாத மதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மறுநாள் கதவைத் திறந்து விட்டார்கள்.

அந்தப் பள்ளம் இன்னும் இருக்கிறது. பக்கத்தில் மணிக்கூண்டு, அதற்குப் பக்கத்தில் கல்லறைத் தோட்டம், அதையொட்டிய சந்தில் பெலிஸ்மினாவின் வீடு. ஊரில் அவளைத்தான் ஓட்டைப் பீப்பாய் என்று கூப்பிட்டார்கள். அவளுக்கு அதில் கோபமில்லை. கிணற்றடியில் ஒரு சேதி கேட்டால் பொது அடுப்புக்குப் போவதற்குள் நாலு பேரிடம் சொல்லிவிட்டு, "என் வாய்ல நிக்காதும்மா, வெடிச்சா வெடிக்கட்டும்" என்று சிரிப்பாள். மாவு மில்லுக்கு மூட்டை தைப்பது அவள் வேலை. வாயும் ஊசியும் சேர்ந்தே ஓடும்.

அவள் புருஷன் அபீலியோ அதற்கு நேர் எதிர். பத்து வார்த்தை கேட்டால் ஒன்று வரும். அரசாங்கம் மதிலைப் பழுது பார்க்க ஆரம்பித்தபோது, கல் இடுக்கில் முளைத்த காட்டத்தி வேர்களைப் பிடுங்குகிற வேலை அவனுக்குக் கிடைத்தது. கொத்தளங்களில் புல் செதுக்கினார்கள், பீரங்கிகளுக்குச் சாயம் பூசினார்கள், மந்திரி வந்து பார்த்துவிட்டுப் போனார். அத்தோடு வேலை முடிந்தது. மதிலைப் பார்த்துக்கொள்ள இருந்த மனசு, மதிலுக்குள் கம்பு ரொட்டியும் உருளைக்கிழங்குச் சாறுமாகக் காலம் தள்ளினவர்களைப் பார்த்துக்கொள்ள யாருக்கும் இல்லை. ஆப்பிரிக்கக் காலனியான அங்கோலாவில் சண்டை வேறு தொடங்கியிருந்தது. வயசுப் பையன்களைக் கப்பலில் ஏற்றினார்கள். மிச்ச ஆண்கள் ஒவ்வொருவராக பிரான்ஸுக்கு நழுவினார்கள். பாஸ்போர்ட் கேட்டு மனுப் போட்டவனுக்குத் தாடி நரைத்ததுதான் மிச்சம். அதனால் எல்லாரும் எல்லை ஓடையைத் தாண்டி, ஸ்பெயினைக் குறுக்கே கடந்து, மலையேறித்தான் போனார்கள்.

"இந்த மதிலைக் கட்டினது ஸ்பெயின்காரன் உள்ள வராம இருக்க" என்றான் அபீலியோ, அவன் வாழ்நாளில் சொன்ன ஒரே நகைச்சுவையாக. "இப்ப நாம வெளிய போக நாய் படாத பாடு படறோம்."

கூட்டிப் போகிறவன் பெயர் ரபோசோ. கடத்துக்காரன் என்றாலும் நாணயஸ்தன் என்று பெயர் எடுத்தவன். அவனிடமும் மற்றக் கடத்துக்காரர்களிடமும் ஒரே வழக்கம்தான். போகிறவன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். அதை முகத்தின் நடுவாக இரண்டாகக் கிழித்து ஒரு பாதியை வீட்டில் கொடுத்துவிட்டு மறு பாதியைத் தன்னோடு கொண்டு போவான். பிரான்ஸில் நல்லபடியாகக் கால் வைத்த பிறகு தன் பாதியைத் தபாலில் வீட்டுக்கு அனுப்புவான். இரண்டு பாதியும் பொருந்தினால் ஆள் உயிரோடு போய்ச் சேர்ந்துவிட்டான் என்று அர்த்தம். அப்போதுதான் கடத்துக்காரனுக்குச் சேரவேண்டிய மிச்சக் கூலி அவன் கைக்குப் போகும். எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்கள் தாங்களாகவே கண்டுபிடித்துக்கொண்ட பத்திரம் அது. அந்தப் பாதி போட்டோ சட்டைப்பைக்குள் இருக்கும்வரை, நடுவழியில் காலொடிந்து விழுந்தாலும் கடத்துக்காரன் தோளில் தூக்கிக்கொண்டாவது போயாக வேண்டும்.

பெலிஸ்மினா தரவேண்டிய மிச்சம், அவள் அம்மா கழுத்திலிருந்து அவள் கழுத்துக்கு வந்த தங்கச் சங்கிலி. வீட்டில் இருந்த தங்கம் அது ஒன்றுதான்.

அபீலியோவின் போட்டோவை மதிலின் புனித பிரான்சிஸ் வாசல் முன்னால் வைத்து எடுத்தார்கள். திருவிழாவுக்கு வந்த போட்டோக்காரன் எல்லாரையும் அந்த வளைவுக்குக் கீழேதான் நிறுத்துவான், மேலே ராஜ முத்திரை தெரிய வேண்டுமென்று. அபீலியோ காலரை இழுத்துவிட்டுக்கொண்டு, தூக்கு மேடையில் நிற்பவன் மாதிரி நின்றான். கிழித்தபோது மூக்கு அவள் பக்கம் வந்துவிட்டது.

"மூக்கில்லாம எப்படிய்யா போவே?" என்றாள்.

"சளி பிடிக்காது, போ" என்றான்.

அவனுடைய பழுப்புக் கோட்டின் காலருக்கு உள்பக்கம் பிரித்து, அந்தப் பாதியை வைத்து, அட்டையின் ஓரத்தோடு சேர்த்தே தைத்தாள். மூட்டை தைக்கிற சங்கிலித் தையல். கறுப்பு நூல் தீர்ந்துபோயிருந்ததால் பச்சை நூல். அந்தத் தையலின் குணம் மூட்டை பிரித்தவர்களுக்கெல்லாம் தெரியும். சரியான முனையைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் சரசரவென்று ஒரே நூலாக வந்துவிடும். தப்பான முனையை இழுத்தால் இறுகிக்கொள்ளும். அப்புறம் கத்திதான். அவள் சரியான முனையை இடது காது பக்கம் ஒரு குட்டி முடிச்சாக மறைத்து வைத்தாள். அவன் விரலைப் பிடித்து அந்த முடிச்சின் மேல் வைத்தாள்.

"இங்க. இதைப் பிடிச்சு இழு, முழுசா வந்துடும். அறுக்காதே, போட்டோ கிழிஞ்சுடும். எங்க, கண்ணை மூடிட்டுத் தொடு பாப்போம்."

அவன் கண்ணை மூடிக்கொண்டு தொட்டான். பிறகு அவள் காதையும் தொட்டான். அவ்வளவுதான் அவனுடைய விடைபெறுதல்.

அவன் போகிற வாரம் பொது அடுப்பில் ரொட்டி வைக்கப் போயிருந்தாள். அடுப்பைப் பார்த்துக்கொள்கிற எதெல்வினா அவளுக்குக் கூடப் பிறக்காத அக்கா. எதெல்வினாவின் மகன் செஃபெரினோவுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாகத் தலையைப் பிடித்தவள் பெலிஸ்மினாதான். எதெல்வினாவின் புருஷனை இதே ரபோசோதான் இரண்டு வருஷத்துக்கு முன் கொண்டு சேர்த்திருந்தான்.

"என் வீட்டு ஆளு போட்டோவை ஷூவுக்குள்ள வச்சுட்டுப் போச்சு" என்றாள் எதெல்வினா, நீளத் துடுப்பால் ரொட்டியைத் தள்ளிக்கொண்டே. "ஆத்துல நனைஞ்சு கூழா வந்துச்சு. மீசையை வச்சுத்தான் கண்டுபிடிச்சேன். உன் ஆளு எங்க வச்சிருக்கு?"

"நான் என்ன உன்ன மாதிரியா? கோட்டுக் காலருக்குள்ள வச்சு நானே தச்சிருக்கேன்கா. தண்ணியும் போகாது, திருடனும் போக மாட்டான்."

"அடிக் கெட்டிக்காரி!" என்று வாய் நிறையப் பாராட்டினாள் எதெல்வினா. பெலிஸ்மினாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. முடிச்சைப் பற்றியும் சொல்லியிருப்பாள். அதற்குள் யாரோ ரொட்டி கருகுது என்று கத்தினார்கள்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் உறை வந்தது. பிரான்ஸ் தபால்தலை. உள்ளே கடிதம் எதுவும் இல்லை, அவனுக்குத்தான் எழுதத் தெரியாதே. மூக்கில்லாத பாதி மட்டும் இருந்தது. அட்டை ஓரத்து ஊசித் துளைகளில் பச்சை நூலின் வெட்டுப்பட்ட துணுக்குகள் சிலிர்த்துக்கொண்டு நின்றன. பெலிஸ்மினா அதைப் பார்த்துச் சிரித்து, அழுது, மறுபடி சிரித்தாள். "அவசரக்காரன்! படிச்சுப் படிச்சுச் சொன்னேன், கத்தியால அறுத்திருக்கான் பாரு" என்று சந்து முழுக்கக் காட்டிக்கொண்டு போனாள். ரபோசோ அன்று மாலையே வந்து தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றான். சங்கிலியை அவளே கழற்றிக் கொடுத்தாள், ஒரு கோப்பை செர்ரி மதுவும் சேர்த்து. மாவுப் பசை காய்ச்சி இரண்டு பாதியையும் ஒட்டிச் சுவரில் மாட்டினாள். மூக்கு கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது.

அப்புறம் ஒன்றும் வரவில்லை. கஷ்கொட்டை மரங்கள் துளிர்த்தன, கம்பு முளைத்தது, எதெல்வினாவின் புருஷன் யாரையோ பிடித்து எழுதவைத்த கடிதங்கள் அவளுக்கு வந்துகொண்டிருந்தன. அபீலியோவிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. கிணற்றடியில் கேட்டார்கள், முதலில் பாசமாக, பிறகு ருசியாக.

"பாரிஸ்ல பொம்பளைங்க எல்லாம் சிகரெட் பிடிப்பாளுங்களாமே."

"அவரு வீட்டுலயே பேசமாட்டாரு, கடுதாசியிலயா பேசுவாரு?" என்று பெலிஸ்மினா அடித்துப் பேசினாள். சாயங்காலங்களில் கிழக்குக் கொத்தளத்தில் ஏறி உட்கார்ந்துகொள்வாள். அங்கிருந்து பார்த்தால் ஓடைக்கு அந்தப் பக்கம், மேட்டின் மேல், ஸ்பெயின்காரன் கோட்டை மஞ்சளாக ஒரு கோடு மாதிரி தெரியும். நம் கோட்டையை முறைப்பதற்காகவே அவன் கட்டினது. இப்போது கூரை விழுந்து ஆடு அடைக்கிற இடம். அவள் அதைப் பார்க்கவில்லை. அதற்கு அப்பால், வெகு அப்பால் இருக்கிற பிரான்ஸைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டாள்.

ஆனால் அவளுடைய தையல் மட்டும் ஊரில் புகழ் பெற்றுவிட்டது. பாதி போட்டோ நனையாமல் கசங்காமல் வந்ததைப் பார்த்த பெண்கள் தங்கள் வீட்டு ஆண்களின் கோட்டுகளைத் தூக்கிக்கொண்டு அவளிடம் வந்தார்கள். காலரில் வை, பச்சை நூலிலேயே வை, உன் கை ராசி. அவளும் வைத்தாள். ஒவ்வொருவன் விரலையும் பிடித்து முடிச்சில் வைத்துச் சொல்லிக் கொடுத்தாள். அபீலியோ பேசாத பேச்சையெல்லாம் அந்தக் கோட்டுகளோடு பேசித் தீர்த்தாள். போனவர்களில் பலர் கடிதம் போட்டார்கள். ரபோசோவின் பேர் இன்னும் ஏறியது.

ஆகஸ்டில் செஃபெரினோவுக்குப் பட்டாள ஓலை வந்தது. அங்கோலா. எதெல்வினா அடுப்பை மூடிவிட்டு ஓடிவந்தாள். கூடவே அந்தப் பையன், மீசை இன்னும் சரியாக முளைக்காதவன், கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று, "ஆசீர்வாதம் ஞானம்மா" என்று அவள் கையை முத்தமிட்டான்.

அவன் முடிச்சை இழுத்து இழுத்து விளையாடினான். அவள் தைக்கத் தைக்கப் பிரித்தான். "சர்ர்ர்! ஞானம்மா, இன்னொரு தடவை தையேன்."

"டேய், விளையாட்டா இது? உன் உசிருடா."

"தூக்கத்துல கூட இழுப்பேன், கவலைப்படாதே. அபீலியோ மாமாவைப் பாத்தா மூக்கு இங்கதான் இருக்குன்னு சொல்றேன்."

அவன் ரபோசோவோடு கிளம்ப இன்னும் சில நாள் இருக்கிறது என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

அந்த வாரம் காப்பிக்கொட்டை சுமக்கும் பெண்களோடு பெலிஸ்மினாவும் போனாள். மூட்டை தைத்து மட்டும் வயிறு நிரம்பவில்லை. ஸ்பெயின் பக்கம் காப்பிக்கு நல்ல கிராக்கி. பாவாடைக்குள் பைகளைக் கட்டிக்கொண்டு வறண்டு கிடந்த ஓடையைத் தாண்டினார்கள். வெயில் ஏற, மற்றவர்கள் கிராமத்துக்குள் போனார்கள். அவளுக்குக் கால் வலித்தது. தண்ணீர் கேட்கலாம் என்று அந்த மஞ்சள் கோட்டைக்குள் நுழைந்தாள்.

இடையன் ஒருவன் வளைவின் நிழலில் உட்கார்ந்து பாலாடை வடித்துக்கொண்டிருந்தான். பெயர் எலாதியோ என்றான். எல்லைக்காரர்களுக்கு இரண்டு பாஷையும் புரியும். தண்ணீர்க் குடுவையை நீட்டினான். அப்போதுதான் பக்கத்துக் கல்லில் அவன் மடித்துப் போட்டிருந்த கோட்டை அவள் பார்த்தாள். பழுப்புக் கோட்டு. காலரின் உள்துணி கிழிந்து தொங்கியது. அதில் பச்சை நூல்.

"இது யாரு கோட்டு?" என்றாள். குடுவையைக் கீழே வைத்தாள்.

அவன் அவளைப் பார்த்தான். கோட்டைப் பார்த்தான். நல்ல மனுஷனாகத்தான் இருக்க வேண்டும், பொய் சொல்ல முயற்சி பண்ணி முடியாமல் விட்டுவிட்டான்.

"போன குளிர்காலத்துல வந்தாரும்மா. உங்க ஊருக்காரர். ஓடையில கல்லு புரண்டு கணுக்கால் ஒடிஞ்சுபோச்சு. கூட்டி வந்தவன் இங்க கொண்டாந்து போட்டான். அவருக்கு பயமே இல்ல. 'நான் போய்ச் சேராம போட்டோ உன் கைக்கு வராது, அதனால என்னைத் தூக்கித்தான் ஆகணும்'னு சிரிச்சாரு."

"அப்புறம்?"

"அவனும் சிரிச்சான். 'எங்க இருக்குன்னு உங்க ஊரு அடுப்படிக்கே தெரியும்யா, அந்த அம்மா பெருமையா சொல்லிச்சே'ன்னான். நேரா காலர்ல கை வச்சான். ஒரு முனையை இழுத்துப் பாத்தான், வரல. கத்தியால அறுத்து எடுத்துக்கிட்டு, மத்த ஆளுங்களோட போயிட்டான்."

பெலிஸ்மினா உட்கார்ந்துவிட்டாள். அவன் நிறுத்தியிருக்கலாம். அவளே, மேலே சொல்லு என்று கையைக் காட்டினாள்.

"நான் பால் குடுத்தேன். துணி சுத்திக் கட்டினேன். காலு கறுத்துப்போச்சு, காய்ச்சல் வந்துடுச்சு. அந்தச் சுவர்ப் பக்கம் படுக்கவைக்கச் சொன்னாரு. அங்கேருந்து உங்க மணிக்கூண்டு தெரியுமாம். மேக்கால காத்து அடிச்சா மணிச் சத்தம் கேக்குதுன்னாரு. எனக்கு ஒண்ணும் கேட்டதில்ல." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "போய்ச் சொல்லுன்னு கெஞ்சினாரு. நான் அந்தப் பக்கம் வந்தா எங்க போலீஸும் அடிக்கும், உங்க போலீஸும் அடிக்கும். நாளைக்குப் போறேன், நாளைக்குப் போறேன்னே சொன்னேன். போகல."

அகழியில் கற்குவியல் ஒன்றைக் காட்டினான். மேலே இரண்டு குச்சியைச் சிலுவையாகக் கட்டி வைத்திருந்தான். ஆடுகள் ஒரு குச்சியைக் கடித்திருந்தன.

அவள் அழவில்லை. தினமும் சாயங்காலம் கொத்தளத்தில் உட்கார்ந்து இந்தப் பக்கம்தான் பார்த்தாள். அவனும் இங்கிருந்து அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தான். நடுவில் ஒரு காலை நேரத்து நடை. ஒரு கழுதையைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்திருப்பான். அடுப்படியில் அவள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், ரபோசோவே அவனைக் கழுதையில் ஏற்றி அனுப்பியிருப்பான். கற்குவியலின் மேல் கை வைத்தபோது கல் வெயிலில் சுட்டது. கையை எடுக்காமல் வைத்திருந்தாள்.

செஃபெரினோவின் நினைவு அப்புறம்தான் வந்தது. சர்ர்ர் என்று அவன் சிரித்த சிரிப்பு. கோட்டை எடுத்துக்கொள்ளச் சொல்லி எலாதியோ பின்னால் கூப்பிட்டான். அவள் ஓட ஆரம்பித்திருந்தாள்.

புனித பிரான்சிஸ் வாசலின் இரட்டை வளைவுக்குள் மூச்சிரைக்க நுழைந்து, நேராக அடுப்புக்குப் போனாள். எதெல்வினா தனியாக மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது.

"பையன் எங்கக்கா?"

"மெதுவாப் பேசுடி. விடியறதுக்கு முன்னாடியே கிளம்பிட்டான். ரபோசோ திடீர்னு வந்து இன்னிக்கே கிளம்புன்னுட்டான். உன் வீட்டுக்கு வந்து ஆசீர்வாதம் வாங்கணும்னான், நீ காப்பிக்குப் போயிட்டே."

"காலரைப் பத்தி அவன்கிட்ட சொன்னியா? ரபோசோகிட்ட?"

எதெல்வினா மலர்ந்தாள். "எப்பவோ சொல்லிட்டேனே! உன் ஆளு போறதுக்கு முன்னாடியே சொன்னேன். பெலிஸ்மினா மூளையைப் பாருய்யா, மத்தவங்களுக்கும் இப்படி வைக்கச் சொல்லுன்னு. ரொம்பப் பாராட்டினான்டி உன்ன."

அவள் முகத்தில் சூதும் இல்லை, வாதும் இல்லை. அவளைக் கோபித்துக்கொள்ளக்கூட முடியவில்லை பெலிஸ்மினாவுக்கு. எல்லாவற்றையும் சொன்னாள். கோட்டு, கணுக்கால், கத்தி, கற்குவியல். எதெல்வினாவின் கை மாவுக்குள் நின்றது. முதலில் வெளுத்தாள். பிறகு அவள் முகம் இறுகியது.

"உன் புருஷன் உன்ன மறந்துட்டான்" என்றாள். "ஊரே சொல்லுது. அதைத் தாங்க முடியாம அவனைச் சாகடிச்சுட்டே. அதோட விடாம என் பிள்ளை தலையிலயும் கை வைக்கிறியா?"

"அக்கா, கோட்டைப் பாத்தேன். என் நூலு..."

"பழுப்புக் கோட்டு உலகத்துல ஒண்ணுதானா? என் வீட்டு ஆளை அவன்தானே கொண்டு சேத்தான்? இத்தனை பேரைச் சேத்தானே? ஓட்டைப் பீப்பாய்னு சும்மாவா சொல்றாங்க உன்ன! போடி வெளியே."

போனாள். வீடு வீடாகப் போனாள். போலீசிடம் போக முடியாது, போனால் ஓடிப்போனவர்களின் வீட்டையெல்லாம் காட்டிக்கொடுத்ததாகும். ஜனங்களிடம்தான் சொல்ல முடியும். எத்தனையோ பொய்யையும் மெய்யையும் கலந்து வாரி இறைத்த வாய் அது. இப்போது முழு உண்மையைச் சொன்னபோது, பாவம் தனியா இருந்து கலங்கிப்போச்சு என்று கதவைச் சாத்தினார்கள். அவள் இனிமேல் தைக்க மாட்டேன் என்றாள். அதனால் என்ன? பார்த்துப் பழகின மற்றப் பெண்கள் தைக்க ஆரம்பித்துவிட்டார்கள், காலரில்தான்.

வந்து சேர்ந்த பாதிகளைக் காட்டச் சொல்லிக் கேட்டாள். காட்டினார்கள், அதில் ஒன்றும் நஷ்டமில்லையே. துளைகள் சுத்தமாக இருந்தன. முடிச்சை இழுத்து எடுத்தவர்கள், கடிதம் போடுகிறவர்கள். அவள் கோட்டுத் தைத்து அனுப்பின அமாதேயுவின் தாய் வீட்டில் மட்டும் துளைகளில் பச்சைத் துணுக்குகள் நின்றன.

"அமாதேயு எழுதறானாம்மா?"

"அந்தச் சோம்பேறியா? கல்யாணம் பண்ணிட்டிருப்பான்" என்று சிரித்தாள் அந்தத் தாய்.

பெலிஸ்மினா அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பாதியை மெதுவாக அவள் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள்.

அதற்கப்புறம் அவளுக்கு உலகத்தில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். செஃபெரினோவின் பாதி வர வேண்டும். துளைகள் சுத்தமாக இருக்க வேண்டும். தூக்கத்தில்கூட இழுப்பேன் என்றவன் அவன். அறுக்க மாட்டான். அறுத்திருந்தால் அது அவன் கை இல்லை. கோயிலில் முழங்காலில் நின்று கேட்டாள். கடவுளே, நூல் முழுசாக வந்திருக்கட்டும். அப்படி ஒரு வேண்டுதலை அங்கிருந்த சாமிகள் எதுவும் அதற்கு முன்பு கேட்டிருக்காது.

திராட்சை பறிக்கிற சமயத்தில் ஒரு காலை, சந்தில் செருப்புச் சத்தம். எதெல்வினா ஓடிவந்தாள். அன்றைக்குப் பிறகு அவள் இந்த வாசலை மிதிக்கவில்லை. தலைத்துணி நழுவி முடியெல்லாம் மாவு. கையில் உறை.

"வந்துடுச்சுடி! பிரான்ஸ்! பாரு, பாரு, உன் வாயில மண்ணு!" என்று சொல்லிக்கொண்டே அவளைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். "நான் சொன்னதையெல்லாம் மனசுல வச்சுக்காதே. பிள்ளைப் பாசம். நீயே ஒட்டிக் குடு, உன் கையாலதான் ஒட்டணும். மிச்சத்துக்கு என் கழுத்துச் சங்கிலியைத் தரேன்னு பேசியிருக்கேன், ரபோசோ சாயங்காலம் வரேன்னு சொல்லி அனுப்பியிருக்கான்."

மேஜையில் இரண்டு பாதியையும் வைத்தாள். வாசல் வளைவு, ராஜ முத்திரையின் இரண்டு துண்டு, நடுவில் கிழிந்த சிரிப்பு. அசையாமல் நில்லு என்று போட்டோக்காரன் கத்தியும் சிரித்தவன்.

பெலிஸ்மினா குனிந்து பார்த்தாள். பார்க்க வேண்டியதே இல்லை, கதவருகிலிருந்தே தெரிந்துவிட்டது. ஓரமெல்லாம் பச்சைத் துணுக்குகள்.

"அக்கா" என்றாள். "சங்கிலியை இப்ப குடுக்காதே. ஒரு கடுதாசி வரட்டும். இங்க பாரு, நூலைப் பாரு. அறுத்திருக்கு."

எதெல்வினா குனிந்து, ஒரு துணுக்கை விரலால் ஆசையாகத் தடவினாள். கண்ணீரும் சிரிப்புமாக நிமிர்ந்தாள்.

"அவசரக்காரன்! நீ படிச்சுப் படிச்சுச் சொல்லியிருப்பே, கத்தியால அறுத்திருக்கான் பாரு."

சொல்லிக்கொண்டே கழுத்துக்குப் பின்னால் கையைக் கொண்டு போய்ச் சங்கிலியின் கொக்கியைத் தேடினாள். அவசரத்தில் அது கழலவில்லை. "கொஞ்சம் கழட்டி விடுடி" என்று முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

மணிக்கூண்டில் மணி அடித்தது. மேற்கே இருந்து காற்று வீசிக்கொண்டிருந்தது. பெலிஸ்மினா கொக்கியைக் கழற்றிச் சங்கிலியை அவள் உள்ளங்கையில் வைத்தாள். பிறகு அடுப்பைப் பற்றவைத்து, ஒரு கிண்ணத்தில் மாவைப் போட்டு, தண்ணீர் ஊற்றிப் பசை குழைக்கத் தொடங்கினாள்.